காசிமேடு மீன் தலையில் கண் வளர்ந்த கதையைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மீன் குழம்பில் தலைத்துண்டு கிடைத்தவர்களுக்கு அந்த வெள்ளை உருண்டை தெரிந்திருக்கும். கண்ணுக்குள்ளிருந்து வரும், கடிபடாது, பிள்ளைகள் தட்டோரம் துப்பிவைப்பார்கள். அது மீனின் லென்ஸ். வெந்ததால் வெளுத்துப்போனது. அதற்குப் பின்னால் இருந்த மெல்லிய தோல் வேகும்போதே சுருங்கி அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அதுதான் விழித்திரை, லென்ஸ் குவிக்கும் ஒளியை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் படலம். இந்த வழிகாட்டியின் விஷயமும் அதுதான். நமக்கு விழித்திரையின் நரம்புச் செல்கள் உண்டாவது தாயின் வயிற்றிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீனுக்கு அது முடிவதில்லை. முட்டையிட்டு, முதிர்ந்து, கிலோ கணக்கில் எடை கூடிய பிறகும் அதன் கண்ணில் புதுச் செல்கள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகிற பிள்ளைகள், விலங்கியல் படிக்கிற கல்லூரி மாணவர்கள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போய் கொஞ்சம் நின்று யோசிக்கிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டில் என்ன தெரியும், எது தெரியாது என்பதையும் ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். கண்காட்சி மேசைகளில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கதை கட்டுகிறார்கள்.

வெட்டுவதற்கு முன் தெரிய வேண்டியது

ஒரு சங்கரா விரல் நீளத்திலிருந்து முழ நீளத்துக்கு வளர்கிறது என்று வையுங்கள். உடம்போடு கண்ணும் வளர வேண்டும். ஆனால் வேலை முடியும்வரை பார்வையை நிறுத்திவைக்க முடியாது. இரை பிடிக்க வேண்டும், பெரிய மீனின் வாயிலிருந்து தப்ப வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணையே பெரிதாக்குவது எப்படி?

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகக் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். வலையைப் பெரிதாக்க, போட்ட முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. ஓரத்தில் புது வரிசை சேர்ப்பார்கள். விழித்திரையும் அப்படித்தான் வளர்கிறது. கிண்ணம் போலக் குழிந்த விழித்திரையின் விளிம்பு முழுக்க, கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸைத் தொடும் இடத்தில், ஒரு குறுகிய வளையம் இருக்கிறது. சிலியரி விளிம்பு மண்டலம் என்பது அதன் பெயர். அதிலுள்ள ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களைத் தரும் மூலச் செல்கள், பிரிந்து பிரிந்து புது நரம்புச் செல்களை வளையம் வளையமாக உள்பக்கம் விட்டுவைக்கின்றன. பழைய செல் தன் இடத்திலேயே நிற்கிறது. விளிம்புதான் அதை விட்டு விலகிப் போகிறது. கூடவே, கண் பெரிதாகப் பெரிதாக விழித்திரை இழுபடுகிறது. வலையை இழுத்தால் கண்ணி அகலுமே, அதுபோல நடுப்பகுதியில் பழைய செல்களுக்கு இடையே இடைவெளி கூடுகிறது.

ஆக இரண்டு காரியம்: ஓரத்தில் சேர்ப்பது, நடுவில் இழுபடுவது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மீன் தேர்வு

ஒரே இன மீனில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று வேண்டும். வேறு வேறு இனத்தை ஒப்பிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. சங்கரா நல்ல தேர்வு. கண் பெரிது, சின்ன அளவிலிருந்து பெரிய அளவுவரை கிடைக்கும், விலையும் வஞ்சிரம் அளவுக்குப் போகாது. கண் பொடிசாக இருக்கும் மீன் கைக்கு வசப்படாது; நெத்திலியை மறந்துவிடுங்கள்.

விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய்விடுவது நல்லது. கூட்டம் ஏறிய பிறகு "அக்கா, ஒரே சங்கராவுல பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு குடுங்க" என்று பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது பெரிய மீன் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. கண்காட்சி வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

புது மீனா என்று பார்க்க நீங்கள் வழக்கமாகச் செய்வதே போதும்: செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக, வெளியே துருத்தி இருக்க வேண்டும். நமக்கு இதில் கண்ணே முக்கியம். உள்ளே குழிந்து, பால் படிந்ததுபோல் இருந்தால் விழித்திரை ஏற்கெனவே குழைந்திருக்கும். ஃப்ரீசரில் உறைந்த மீனும் வேண்டாம். பனித்துகள் விழித்திரையைக் கிழித்துவிடும். பனிக்கட்டியில் போட்டு வைத்தது பரவாயில்லை.

மீன் வெட்டுகிறவரிடம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் அளந்துவிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம், அப்புறம் கண்ணின் குறுக்களவு. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். தலையைத் தனியாக எடுத்து, கண்ணில் கத்தி படாமல் தரச் சொல்லுங்கள். உடலை வீட்டில் வறுத்துக்கொள்ளலாம், ஒன்றும் வீணில்லை.

கண்ணை எடுப்பது

சின்னக் கூர்மையான கத்தரிக்கோல், புது பிளேடு, இடுக்கி, வெள்ளைத் தட்டு, இங்க் ஃபில்லர், பூதக்கண்ணாடி, கையுறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் செல்கள் உப்பி வீணாகும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பிளேடு பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். ஃபார்மலின் வீட்டுக்குள் வரவே கூடாது.

கண்ணைச் சுற்றியுள்ள தோலை வெட்டி, விழிக்கோளத்தை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தால் அதை அசைக்கும் தசைகள் தெரியும். ஆறு இருக்கும். அவற்றை வெட்டினால் பின்னால் வெள்ளைக் கயிறு போல ஒன்று மிஞ்சும். அதுதான் பார்வை நரம்பு. முடிந்த அளவு நீளமாக விட்டு வெட்டுங்கள், பிறகு தேவைப்படும்.

பலரும் ஆட்டுக்கண் வெட்டிய பழக்கத்தில் விழிக்கோளத்தை நட்ட நடுவில் இரண்டாக வெட்டுவார்கள். இங்கே அது வேண்டாம். நமக்கு வேண்டியதே விளிம்பு. நடுவில் வெட்டினால் விளிம்பு முன்பாதியோடு போய்விடும். கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான தோலான கார்னியாவை மட்டும், அதன் ஓரத்தை ஒட்டிச் சுற்றி வெட்டி எடுங்கள். மீனின் லென்ஸ் கண்மணி வழியாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். மேலே ஒரு நாரும் கீழே ஒரு தசையும் அதைப் பிடித்திருக்கும். இரண்டையும் வெட்டினால் கண்ணாடிக் கோலி தட்டில் உருளும்.

லென்ஸ்: இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள்

நம் லென்ஸ் தட்டையானது, மீனுடையது உருண்டை. காற்றில் வாழும் நமக்கு ஒளியை வளைக்கும் வேலையில் பெரும்பங்கைக் கார்னியாவே செய்கிறது. தண்ணீருக்குள் கார்னியாவால் அது முடியாது. அதன் ஒளிவிலகலும் தண்ணீரின் ஒளிவிலகலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் முழுப் பொறுப்பும் லென்ஸின் தலையில் விழுகிறது. தூரத்தையும் பக்கத்தையும் பார்க்க மீன் லென்ஸின் வடிவத்தை மாற்றுவதில்லை, அந்தக் கீழ்த்தசையால் இழுத்து இடத்தை மாற்றுகிறது.

அச்சிட்ட தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர்த் தட்டின் அடியில் வைத்து, மேலே லென்ஸை வையுங்கள். எழுத்து பெரிதாகத் தெரியும். சின்ன மீனுக்கும் பெரிய மீனுக்கும் செய்து பாருங்கள். பிறகு வெர்னியரால் குறுக்களவு எடுங்கள்.

இப்போது கணக்கு. ஜெர்மானியர் லுட்விக் மத்தீசன் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த ஒரு விகிதம் இருக்கிறது: மீன் லென்ஸின் குவிய தூரம் (லென்ஸின் மையத்திலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) அதன் ஆரத்தைப்போல சுமார் 2.55 மடங்கு. உதாரணத்துக்கு, சின்ன மீனின் லென்ஸ் 6 மி.மீ. என்றால் ஆரம் 3, குவிய தூரம் சுமார் 7.65 மி.மீ. பெரியதன் லென்ஸ் 12 மி.மீ. என்றால் 15.3 மி.மீ. முன்னதில், பார்வையின் ஒரு டிகிரி விழித்திரையில் சுமார் 0.13 மி.மீ. நீளத்தில் விழும், பின்னதில் சுமார் 0.27. ஒரே இறால், ஒரே தூரத்தில் நின்றாலும் பெரிய மீனின் விழித்திரையில் இரண்டு மடங்கு நீளமாக விழுகிறது. பரப்பில் பார்த்தால் நான்கு மடங்கு.

செல்களின் எண்ணிக்கை மாறாமல் விழித்திரை வெறுமனே இழுபட்டிருந்தால், அந்தப் பெரிய படத்தின்மேல் அதே எண்ணிக்கைச் செல்கள்தான் இருக்கும். பார்வை கூர்மையாகாது. ஆனால் மீனில் செல்களும் கூடுகின்றன, அதனால் பெரிய மீன் சின்ன மீனைவிட நுணுக்கமாகப் பார்க்கிறது. வாழ்நாள் முழுக்கச் செல் பிறப்பதில் மீனுக்குக் கிடைக்கும் லாபம் இது. கண்காட்சியில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல நேரம் என்றால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அளந்த எண் உங்களுடையதாக இருக்கும்.

லென்ஸ்களில் ஒன்றை வேகவையுங்கள். வெளுத்ததும் நகத்தால் சுரண்டினால் அடுக்கடுக்காக உரியும். வெளி அடுக்கு புதியது. நட்ட நடுவிலிருக்கும் கெட்டிக் கரு, மீன் முட்டைக்குள் இருந்தபோதே உண்டானது. அதன் புரதம் பிறகு மாற்றப்படுவதே இல்லை. கிரீன்லாந்து சுறாவின் வயதை இந்தக் கருவை வைத்துத்தான் கணித்தார்கள். 2016இல் வெளியான ஆய்வில், கதிரியக்கக் கார்பன் முறைப்படி மிகப் பெரிய சுறாவின் வயது 392, கூடக்குறைய 120 என்று வந்தது. குறைந்தபட்சக் கணக்கிலும் 272 ஆண்டுகள்.

ஆக லென்ஸில் பழசு நடுவில், புதுசு வெளியே. விழித்திரையிலும் இதே ஒழுங்குதான் வரப்போகிறது.

(மீன் கண்ணைச் சாப்பிட்டால் பார்வை கூடும் என்று ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. ருசிக்காகச் சாப்பிடுங்கள், தாராளமாக. மீனின் ஸ்டெம் செல் நம் வயிற்றில் வெறும் புரதமாகச் செரித்துப்போகும். அது நம் கண்ணுக்குப் போய் ஒன்றையும் முளைக்க வைக்காது.)

விழித்திரையை விரிப்பது

லென்ஸ் போன கிண்ணத்தை உப்புத்தண்ணீருக்குள் வையுங்கள். உள்ளே தண்ணீர்ப்பசை போன்ற திரவம் இருக்கும், அதை வழித்துவிடுங்கள். ஐரிஸின் உள்ளோரத்திலிருந்து கிண்ணத்தின் அடியை நோக்கி நாலு பக்கமும் வெட்டுப் போடுங்கள். வெளிச்சுவரில் குருத்தெலும்பு இருப்பதால் கத்தரிக்கோல் கொஞ்சம் அடம்பிடிக்கும். கிண்ணம் இதழ் இதழாக விரியும்.

உள்ளே கறுப்புப் படலத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, மங்கிய வெண்மையாக, தொட்டால் கிழிகிற மெல்லிய விரிப்பு இருக்கும். அதுதான் விழித்திரை. ஃபில்லரால் அதன் ஓரத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் மெதுவாக மேலெழும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் விடாது. அங்கேதான் எல்லா நரம்பிழைகளும் திரண்டு வெளியேறுகின்றன.

இப்போது இதழின் மேல்நுனிக்கு வாருங்கள். வெளிறிய விரிப்பு முடிந்து ஐரிஸின் நிறம் தொடங்குகிற கோடு ஒன்று தெரியும். புதுச் செல்கள் பிறக்கும் இடம் அந்தக் கோட்டை ஒட்டித்தான். பூதக்கண்ணாடியில் கோடு தெரியும். செல்கள் தெரியாது, பிரிவதும் தெரியாது. அந்த வளையமே சில செல்கள் அகலம்தான். "இதோ ஸ்டெம் செல்" என்று அம்புக்குறி போட்டு ஒட்டாதீர்கள், "ஸ்டெம் செல்கள் இருக்கும் இடம்" என்று எழுதுங்கள்.

கல்லூரி மாணவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். விலங்கியல் துறையில் மைக்ரோடோம் இருந்தால், விளிம்பையும் சேர்த்து மெல்லிய சீவல் எடுத்து ஹீமடாக்சிலின், இயோசின் சாயமேற்றிப் பாருங்கள். நடுவில் செல்கள் மூன்று தெளிவான வரிசையாக நிற்கும். விளிம்பை நெருங்க நெருங்க மூன்றும் ஒன்றில் ஒன்று கலந்து, கடைசியில் வேறுபாடு இல்லாத ஒற்றைக் குவியலாகக் குறுகும். எந்தச் செல் என்னவாகப் போகிறது என்று இன்னும் தீர்மானமாகாத பகுதி அது.

வயது வரைபடம்

ஒரு தாளில் வட்டம் போட்டு, நடுவில் "குஞ்சாக இருந்தபோது" என்றும், வெளிவிளிம்பில் "சமீபத்தில்" என்றும் எழுதுங்கள். விழித்திரையின் எந்தப் புள்ளி எந்தப் பருவத்தில் உண்டானது என்பதற்கான வரைபடம் இவ்வளவுதான். இது வெறும் ஊகமில்லை என்று காட்ட, கண்டுபிடித்த விதத்தையும் கீழே எழுதுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பமீலா ஜான்ஸும் ஸ்டீபன் ஈஸ்டரும் 1977இல் வெளியிட்ட ஆய்வுகள் வளர்ந்த தங்கமீன் மீது நடந்தவை. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் புதிதாக எழுதியாக வேண்டும். அதற்குத் தேவையான தைமிடின் என்ற மூலப்பொருளைக் கதிரியக்கம் ஏற்றி மீனுக்குச் செலுத்தினார்கள். அந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருந்த செல்களில் மட்டும் அடையாளம் ஏறும். உடனே பார்த்தால் அடையாளம் விளிம்பில் இருக்கும். காத்திருந்து பார்த்தால் அடையாளச் செல்கள் தம் இடத்திலேயே இருக்க, அவற்றுக்கு வெளியே அடையாளமில்லாத புதுச் செல்கள் சேர்ந்திருக்கும். பிற்பாடு ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மெடாக்கா என்ற சின்ன ஜப்பானிய மீனில் தனித்தனி ஸ்டெம் செல்லையே நிறமேற்றிப் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொன்றின் வாரிசுகளும் நடுவிலிருந்து விளிம்புவரை ஓடும் ஒரு கோடாக நின்றன.

இந்த வரைபடத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் விவரம் தெரிந்த நடுவர் பிடித்துக்கொள்வார். மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்கள் விளிம்பில் மட்டும் பிறப்பவை அல்ல. விழித்திரை இழுபட்டு நடுவில் கூம்பு செல்களுக்கு (வெளிச்சத்தில் வேலை செய்பவை) இடையே இடைவெளி விழுகிறதே, அங்கே புதுக் குச்சி செல்கள் செருகப்படுகின்றன. இவற்றின் மூலம், விழித்திரையைத் தாங்கி நிற்கும் ம்யூல்லர் செல்கள். அவை மெதுவாகப் பிரிந்து தரும் செல்கள் உள்வரிசையிலிருந்து வெளிவரிசைக்கு நகர்ந்து குச்சி செல்லாகின்றன. அதனால் கண் எவ்வளவு பெருத்தாலும் இருட்டில் பார்க்கும் திறன் நீர்த்துப்போவதில்லை. நடுப்பகுதியில் பழைய கூம்பு செல்களுக்குப் பக்கத்திலேயே இளம் குச்சி செல்கள் இருக்கும் என்று வரைபடத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள்.

நரம்பு

நீளமாக விட்டு வெட்டினீர்களே, அந்த வெள்ளைக் கயிறு. ஊசியால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். பல கடல்மீன்களில் அது உருண்டைக் கயிறு அல்ல, புடவைக் கொசுவம்போல மடித்த நாடா. விளிம்பில் பிறக்கும் ஒவ்வொரு கேங்லியான் செல்லும் (விழித்திரையின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புச் செல்) ஒரு புது இழையை இதன் வழியாக மூளைவரை அனுப்ப வேண்டும். புது இழைகள் பழையவற்றோடு கலந்து சிதறாமல் தங்களுக்குள் சேர்ந்தே போகின்றன. மூளையில் அவை சேரும் பகுதி வட்டமாக வளர்வதில்லை, பின்னோரத்தில்தான் அதிகமாக வளர்கிறது. வட்டமாக வளரும் கண்ணும் ஓரமாக வளரும் மூளையும் பொருந்த, பழைய இணைப்புகளே வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் நகர்கின்றன. விழித்திரையில் செல் நகராது, மூளையில் அதன் முனை நகரும்.

"நமக்கு ஏன் இல்லை?" என்று கேட்பார்கள்

கண்டிப்பாகக் கேட்பார்கள், அதனால் பதில் தயாராக இருக்கட்டும். பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்பின் நீளத்தில் சுமார் 17 மி.மீ., வளர்ந்தவருக்குச் சுமார் 24. நம் கண்ணும் வளர்கிறதுதான், ஆனால் விழித்திரை இழுபட்டு மட்டுமே ஈடுகொடுக்கிறது. தவளைக்கு விளிம்பு மண்டலம் உண்டு, கோழிக்குஞ்சுக்குக் கொஞ்சம் உண்டு, பாலூட்டிகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

காயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஜீப்ரா மீனின் விழித்திரையைக் கடும் ஒளியால் சிதைத்தால், ம்யூல்லர் செல்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டுப் பிரியத் தொடங்கி, சில வாரங்களில் இழந்த செல்களை மீண்டும் உருவாக்குகின்றன. நம்மிடமும் ம்யூல்லர் செல்கள் இருக்கின்றன. காயம் பட்டால் அவை தழும்புதான் போடுகின்றன. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரே குழுவினர், மீனில் இந்த வேலையைத் தொடங்கிவைக்கும் ஜீன்களில் ஒன்றான ஏஎஸ்சிஎல்-1ஐ எலியின் ம்யூல்லர் செல்லில் இயக்கி, கூடவே ஒரு மருந்தும் கொடுத்து, காயமடைந்த விழித்திரையில் சில புது நரம்புச் செல்களை உண்டாக்கினார்கள். எலியில்தான். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவருக்கு இன்றைக்கு இதை வைத்துச் சிகிச்சை என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

உயிரோடு பார்க்க

வெட்ட மனமில்லாதவர்களுக்கு சென்னையில் கொளத்தூர் இருக்கிறது. வண்ணமீன் கடைகளில் சாதாரண நீள உடல் தங்கமீன் குட்டி வாங்குங்கள். கண் பிதுங்கிய டெலஸ்கோப், பிளாக் மூர் வகைகள் வேண்டாம், அவற்றின் கண் வளர்ச்சியே இயல்புக்கு மாறானது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடாதீர்கள். படமும் வளையும், மீனும் நோகும். தட்டைக் கண்ணாடித் தொட்டி, வடிகட்டி, குளோரின் போகும்படி வைத்திருந்த தண்ணீர் போதும்.

தொட்டிக் கண்ணாடியில் ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டு, மீன் கண்ணாடியை உரசிப் பக்கவாட்டில் நிற்கும்போது மாதம் ஒருமுறை போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் நிறைய எடுத்து, நேராக விழுந்தவற்றை மட்டும் வையுங்கள். கண்ணின் குறுக்களவு, உடல் நீளம், இரண்டுக்குமான விகிதம் என்று மூன்று பத்தியாக அட்டவணை போடுங்கள். விகிதத்தை மட்டும் எழுதினால் கண் சுருங்கிக்கொண்டே போவதுபோலத் தோன்றும், ஏனென்றால் உடம்பு கண்ணைவிட வேகமாக வளர்கிறது. மில்லிமீட்டர் பத்தியில்தான் கண் வளர்வது தெரியும்.